பதினாலுக்கு மேலே

பாலு பக்கெட்டைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தான். அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் ஓரத்திலிருந்து காலை முதல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முடிச்சூர் வெயிலுக்கு எந்தப் பெட்டிதான் வேர்க்காது. இது மூன்றாவது முறை. தூங்கி ஐந்து நாளாகிறது, யாராவது இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் நின்றபடியே தூங்கிவிடுவான்.

"கடசீல அவரே மூச்சு வுட்டாரு அண்ணி," பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அங்காளம்மாள், கீழ்க்கட்டளையிலிருந்து வந்த பட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மிஷினு இல்ல. வேணும்னா பாலுவக் கேளு."

பட்டு அத்தை அப்பாவின் அக்கா. அவள் திரும்பிப் பார்த்தாள். பாலு பக்கெட்டைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினான்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் நாளே பொறுமையாகச் சொல்லியிருந்தார். "வென்டிலேட்டர்ல ரெண்டு மோடு பாலு. ஒண்ணுல மெஷின் பொறுப்பு, நிமிஷத்துக்குப் பதினாலு மூச்சு குடுத்துடும். இன்னொண்ணுல அவர்தான் இழுக்கணும், மெஷின் சும்மா கைகொடுக்கும். இப்ப முதல் மோடுல வெச்சிருக்கோம். ஸ்கிரீன்ல அந்த எண் பதினாலுக்கு மேல போச்சுன்னா அவரா இழுக்கிறார்னு அர்த்தம். அப்ப மாத்திப் பார்க்கலாம்."

அதன்பிறகு ஐ.சி.யு.வுக்குள் தினமும் விட்ட பத்து நிமிடமும் பாலு திரையைத்தான் பார்த்தான். அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்த்த ஞாபகமே இல்லை. மூன்றாம் நாள் மாலை அது இருபத்திரண்டு காட்டியது. யாரிடமும் கேட்கவில்லை. வெளியே ஓடி, மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்த அம்மாவிடம், "தானா இழுக்குறாரும்மா" என்றான்.

"இட்லி வாங்கியாடா," என்றாள் அவள். நான்கு தின்றாள்.

மறுநாள் காலை அவன் உள்ளே இருந்தபோது நர்ஸ் சினேகா மூச்சுக் குழாயைத் தூக்கி, வளைவில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்துவிட்டாள். எண் இறங்கியது. பதினெட்டு. பதினாலு. அங்கேயே நின்றது.

"இன்னா சிஸ்டர் ஆச்சு?"

"குழாய்ல தண்ணி ஆடினா, பேஷன்ட்தான் இழுக்கிறார்னு மெஷின் ஏமாந்துடும் சார்."

பாலு திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கம்ப்ரஸர் பார்க்கிறவன். பதினோரு வருடமாகக் காலையில் அவனுடைய முதல் வேலை, காற்றுக் குழாயில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது. அப்பாவின் வாயருகே தொங்கிய குழாயைக் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வெளியே வந்தான். அம்மா பையைத் திறந்து அப்பாவின் லுங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். "வார்டுக்கு மாத்துனா இத்தத்தான் கேப்பாரு," என்றாள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பதினோரு மணிக்கு டாக்டரே இருவரையும் கூப்பிட்டுவிட்டார். அது நேற்று.

"நெசமா பாலு?" பட்டு அத்தை கேட்டாள். "எந்தம்பி தானா மூச்சு வுட்டானா?"

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்த," என்றான். "நானே பாத்தேன். இருவத்திரெண்டு."

"பாத்தியா அண்ணி," என்றபடி அம்மா பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

பக்கெட்டில் கால்வாசிகூட நிறையவில்லை. பாலு அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.