இரண்டு பாட்டில் தண்ணீர்

"பானையில அவ கை பட்டிருக்கு. அதான் கொழந்தைக்கு வயித்தால போகுது!"

சமையலறை வாசலில் நின்றுகொண்டு மாமியார் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே மூத்த மருமகள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கணவனைப் பறிகொடுத்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் திரிந்தாலும் அவள் தலைதான் உருளும்.

"கோளாறு தண்ணியில இருக்கு அத்தை, அக்காகிட்ட இல்ல," என்றாள் இளைய மருமகள். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். துவண்டு கிடந்த நாலு வயதுப் பெண் அவளுடையதுதான். ஆனால் பகலெல்லாம் வளர்ப்பது பெரியம்மா.

"உன் படிப்புக்கு இதெல்லாம் புரியாது," என்றாள் மாமியார்.

மறுநாள் காலை இளையவள் இரண்டு பாட்டில் நிரப்பினாள். ஒன்றில் மூத்தவள் பிடித்து வைத்த பானைத் தண்ணீர். இன்னொன்றில், மாமியாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தானே தெருக்குழாயில் பிடித்தாள். "அக்கா நிழல்கூட இதுல விழல. நல்லாப் பாத்துக்கோங்க."

பரிசோதனைக் கூடத்தில் இரண்டையும் வடிகட்டி, விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிக் கருவிக்குள் வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும். நல்ல தண்ணீர் அதை அப்படியே விட்டுவிடும். அழுகியது எதுவும் கரைந்திருந்தால் தண்ணீர் ஒளியை விழுங்கும்; எவ்வளவு விழுங்கியது என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும். சுத்திகரித்து அனுப்பும் தண்ணீருக்குப் புள்ளி பூஜ்யம் மூன்று வரும். பானைத் தண்ணீருக்குப் புள்ளி இரண்டு ஒன்று வந்தது. குழாய்த் தண்ணீருக்கும் அதே புள்ளி இரண்டு ஒன்று. குப்பிகளைக் கழுவி மறுபடி வைத்தாள். மாறவில்லை.

மேலதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "சாக்கடை கலக்குது போல. கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பிடலாம். ஆனா அந்தக் குழாய மாத்தச் சொல்லி எழுதி ரெண்டு வருஷமாச்சும்மா. வரிசையில இருக்கு."

வீட்டில் பரிசோதனை முடிவு எழுதிய காகிதத்தைப் பார்த்துக் கணவன் பயந்துபோனான். அந்த வாரமே சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று சமையலறைச் சுவரில் ஏறியது. குழந்தை தேறி ஓடியாடத் தொடங்கினாள். பிரச்சினை ஓய்ந்தது என்றுதான் இளையவள் நினைத்தாள்.

அடுத்த நாள் பின்கட்டில் ஒரு தனிக்குடம் முளைத்தது.

"இப்பதான் வீட்டுக்கு நல்ல தண்ணி வந்திருக்கு. அதையாவது அவகிட்டேருந்து காப்பாத்துவோம்," என்றாள் மாமியார். "அவ தெருக்குழாய்ல புடிச்சுக் குடிக்கட்டும்."

இளையவள் கத்தினாள், கெஞ்சினாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். பாறையில் முட்டிக்கொண்ட கதைதான். கணவன் வெளியே கிளம்பச் செருப்பைத் தேடினான். "வயசான காலத்துல அம்மாவ யாரு திருத்துறது? கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

வேலைக்குக் கிளம்புமுன் அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூத்தவளுக்கு ஒரு பாட்டில் ஒளித்து வைப்பாள். மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் தனிக்குடத்துத் தண்ணீர்தான். "எனக்காகச் சண்ட போடாதடி. இந்தக் கூரைய விட்டா எனக்குப் போக்கிடம் ஏது?" என்பாள் மூத்தவள்.

மூன்றாவது வாரம் மூத்தவள் படுத்துவிட்டாள். வாந்தி, பேதி. மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி அழைத்து வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியார் விளக்கிக்கொண்டிருந்தது அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. எனக்கில்ல, எம் மகனுக்கில்ல. அவ ஒருத்திக்குத்தான் வந்திருக்கு. அப்போ கோளாறு எங்க இருக்குன்னு நீயே சொல்லு."

இளையவள் விருட்டென்று எழுந்தாள். மூத்தவள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தாள். காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"அவங்க சொல்றதும் சரியாத்தானேடி படுது?"