பதினோரு பைகளும் ஒரு கடற்குகையும்

ஆக்லாந்து நகரின் பக்குரங்காவில் சுந்தரமூர்த்தி வீட்டுக் கராஜுக்குள் கிரேக்கத் தீவொன்றின் கடற்குகை வந்து சேர்ந்தது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பை வண்டி வரும் நாள். காலை ஆறரை மணிக்கு அவர் கராஜ் கதவை மேலே தூக்கியபோது காரைக் காணவில்லை, புல்வெட்டும் இயந்திரத்தைக் காணவில்லை, பின்சுவரையும் காணவில்லை. குப்பைத் தொட்டி மட்டும் வாசலோரம் ஈரத்தில் நின்றது. அதற்கு அப்பால் நீல நீர். நீருக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வளைந்து கூரையாகி, ஒரு திருப்பம் வரை போய் இருட்டில் மறைந்தது. கையை விட்டுப் பார்த்தார். ஆக்லாந்துக் கடல் ஜனவரிக் கோடையில்கூட அவ்வளவு வெதுவெதுப்பாக இருக்காது. இன்சூரன்சுக்குப் போன் செய்தார். வெள்ளம் என்றால் பாலிசியில் உண்டு, குகை என்றால் இல்லை என்றார்கள். பிறகு தொட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனார்.

அது ஏன் அந்த வீட்டுக்கு வந்தது என்பது அந்த ஊர்த் தமிழர்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குகையைப் பார்க்க ஆசைப்பட்டவள் அவர் மனைவி தமயந்தி. பாட்டனி டவுன்ஸில் ஒரு செருப்புக் கடையில் ஒன்பது வருடமாக முழங்காலிட்டு மற்றவர்கள் கால்களுக்கு அளவு பார்க்கிறவள். கடையின் சாப்பாட்டு அறையில் தொங்கிய காலண்டரில் அக்டோபர் மாதத்துக்கு அந்தப் படம்: வெள்ளைப் பாறையின் வாய்க்குள் ஒரு சின்னப் படகு நுழைகிறது. வருடம் முடிந்ததும் அதைக் கத்தரித்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். நாலு வருடம், காய்ச்சலுக்குக்கூட லீவு போடாமல் நாட்களைச் சேர்த்தாள். தீவைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள், அறைக்கு எழுதியவள் அவள், படகுக்கு நேரம் குறித்தவள் அவள். சுந்தரமூர்த்தியும் பிள்ளைகள் வைஷாலியும் சந்தீப்பும் கூட வந்தார்கள். லின்ஃபீல்டில் இருக்கும் சுந்தரமூர்த்தியின் தம்பி வெற்றியும் அவன் மனைவி தேவதர்ஷினியும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு பேர், பதினோரு பைகள். அவற்றில் மூன்றில் ரைஸ் குக்கரும் பொன்னி அரிசியும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருந்தன, ஏனென்றால் சுந்தரமூர்த்திக்கு இரண்டு நாள் சோறு இல்லாவிட்டால் தலை சுற்றும்.

கடைசி நாள் பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், பதினொன்றுக்குப் படகு, மூன்றுக்குக் கப்பல். துறையில் படகுக்காரன் பைகளைப் பார்த்துத் தலையசைத்து மறுத்தான். ஐம்பதடி தள்ளிப் பைகளைப் பூட்டி வைக்கும் அறை இருப்பதையும் அவனே கை நீட்டிக் காட்டினான். சுந்தரமூர்த்திக்கு நம்பிக்கை இல்லை. "முன்ன பின்ன தெரியாத ஊரு. பாஸ்போர்ட்டெல்லாம் பைக்குள்ள இருக்கு" என்றார். பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே நின்ற படித்த மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்து பேரும் திரும்பித் தமயந்தியைப் பார்த்தார்கள். "ஒரு மணி நேரந்தான, நீ பாத்துக்கோ. வீடியோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்" என்றார் சுந்தரமூர்த்தி. அவள் "சரிங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரமாயிற்று. நிழலில்லாத துறையில், சூட்கேஸ் மீது உட்கார்ந்து, பதினேழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவள் ஊறுகாய்க்குக் காவல் இருந்தாள். அவர்கள் கத்திச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, அவள் விடியற்காலையில் கிளறி வைத்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டார்கள். வீடியோவில் பாதி சந்தீப்பின் கட்டைவிரல். அப்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. விமானம் துபாயைத் தாண்டிய பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை. கணவர் மீது, கொழுந்தன் மீது, தன்னைத் திரும்பிப் பார்த்த பிள்ளைகள் மீது. எல்லாவற்றையும்விடத் தன் வாயிலிருந்து வந்த அந்த "சரிங்க" மீது. ஆறு மாதம் அதை யாரிடமும் சொல்லாமல் சமைத்தாள், வேலைக்குப் போனாள். அந்த ஆறு மாதமும் வீட்டுக் குழாய்த் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. பிளம்பர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். ஏழாவது மாதம் குகை வந்தது.

வந்த முதல் வாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து நீள அகலம் பார்த்தார். உள்ளே அளவு நாடா போதாததால், வீட்டோடு சேர்ந்த அலங்கார நீர்நிலை என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டாவது வாரம் சுந்தரமூர்த்தி ஒரு ரப்பர் படகும் ஆறு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கினார். மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் ஊரே அந்த வீட்டில். ஒரு முறை வந்துபோன யாழ்ப்பாணத்துக்காரர்கள் "ஓம், உண்மையான குகைதான், ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று மற்றவர்களுக்குப் போனில் கதைத்தார்கள். சுந்தரமூர்த்தி தொப்பி போட்டுக்கொண்டு துடுப்புப் போட்டார், எங்கே கத்தினால் எதிரொலி கேட்கும் என்று சொல்லித் தந்தார். கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தமயந்தி. அவளைச் சுற்றிக் கைப்பைகள், செருப்புகள், போன்கள், கார் சாவிகள். கடையில் பழகிய கை. எது யாருடையது என்று ஒருநாளும் தவறியதில்லை. போய் வந்தவர்களுக்கு டீயும் கொடுத்தாள்.

நீ உள்ளே போனாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். முதல் சந்திப்பிலேயே வாடகை எவ்வளவு, விசா எப்போது வந்தது, பிள்ளைக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுவிடுகிறவர்கள். இதை எழுதுகிறவனும் ஒரு ஞாயிறு அவள் மடியில் தன் பையை வைத்துவிட்டு உள்ளே போனவன்தான். அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

எட்டாவது ஞாயிறு ஷாமினி வந்தாள். ஈப்போவில் பிறந்தவள், தமயந்தியோடு அதே செருப்புக் கடையில் வேலை. உள்ளே போய்விட்டு வந்து, டீயை வாங்கிக்கொண்டே, "அக்கா, அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு? உங்க வீட்டுக்காரர் அது வரைக்கும் கொண்டு போகலையே. நீங்க எத்தன வாட்டி போயிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நான் போனதில்ல."

"ஏன்கா?"

"பை இருக்குல்ல" என்றாள் தமயந்தி. சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அந்த நேரம் பார்த்து தேவதர்ஷினி வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், தன் தோல் பையை அவள் மடியில் வைத்தாள். "அக்கா, இதையும் பாத்துக்கோங்க. உள்ள போன் இருக்கு."

தமயந்தி எழுந்தாள். பை கீழே விழுந்தது. "முடியாது" என்றாள். அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நாலு வருஷம் லீவு சேத்தது நான். தீவு நான் பாத்து வெச்சது, படகு நான் பேசி வெச்சது. அங்க போயி பைக்கு நாய் மாதிரி காவல் இருந்துட்டு வந்தேன். என் வயித்தெரிச்சல் தாங்காம அந்தக் குகையே கெளம்பி இங்க வந்திருக்கு. இங்கயும் என் மடியிலயே பைய வெக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லயா?"

"எல்லாரும் இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் சுந்தரமூர்த்தி மெல்லிய குரலில்.

"எல்லாரும் இருக்காங்கன்னுதான் பேசுறேன்."

"மாம், ப்ளீஸ்" என்றாள் வைஷாலி. தமயந்தி மகளை ஒரு பார்வை பார்த்தாள். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, வாடிக்கையாளர் காலுக்கு வார் மாட்டும் அதே கவனத்தோடு ஒவ்வொரு வாராக மாட்டினாள். படகில் தனியாக ஏறினாள். துடுப்புப் பிடிக்கத் தெரியாமல் படகு இரண்டு முறை நின்ற இடத்திலேயே சுற்றியது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை நேராகப் போய் வளைவில் திரும்பியது. அவள் வளைவில் மறைந்ததும் தண்ணீரும் அவள் பின்னாலேயே போயிற்று. இரண்டு நிமிடத்தில் சிமெண்டுத் தரை தெரிந்தது. கார் இருந்தது, புல்வெட்டும் இயந்திரம் இருந்தது, இரண்டின் மீதும் உப்பு படிந்திருந்தது. சுந்தரமூர்த்தி ஓடிப் போய்ப் பின்சுவரை இரண்டு கைகளாலும் தட்டிப் பார்த்தார். வெறும் சுவர். இருபத்து மூன்று பேர் வெறுங்காலோடு ஒரு கராஜுக்குள் நின்றோம். பிறகு ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டு கலைந்தோம். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பைகள் மாறிப்போய், அவை உரியவர்களிடம் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று.

மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது, அதன் மேல் தமயந்தி வந்தாள். புருவத்தில் உப்பு, உள்ளங்கைகளில் கொப்புளம். யாரிடமும் பேசாமல் குளித்துவிட்டுப் படுத்தாள்; அன்று இரவு சந்தீப் முட்டை பொரித்தான். திங்கள்கிழமை ஷிஃப்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கராஜ் கதவைத் திறந்து நின்றாள், கடல் வந்தது. அன்றிலிருந்து அவள் நின்றால்தான் வருகிறது. சுந்தரமூர்த்தி இரண்டு புதன்கிழமைகள் தொப்பியோடு நின்று பார்த்தார், வரவில்லை. ஷாமினியை இரண்டு முறை அழைத்துப் போனாள். உள்ளே என்ன பார்த்தார்கள் என்று இருவரும் சொல்வதில்லை. கடையில் வேலைக்கு நடுவில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

ஆகஸ்டில், மழை பெய்த ஒரு ஞாயிறு, சுந்தரமூர்த்தி தானே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகருகே வந்து நின்றார். ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார். "தமயந்தி, நானும் வரட்டுமா?" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.  அவள் தோளிலிருந்த கைப்பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு மணி நேரந்தான். பாத்துக்கோங்க."

அவர் பையை வாங்கிக்கொண்டார். "சரி" என்றார்.

மூன்று மணி நேரம் கழித்து அவள் வந்தபோது அவர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்தபடி, கணுக்கால் வரை கிரேக்கத்துத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். வீடியோ எடுத்தாயா என்று கேட்டார். எடுக்கவில்லை என்றாள். கோபம் தீர்ந்ததா என்று அவளை இப்போது சிலர் கேட்கிறார்கள். தீரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். ஞாயிறுதோறும் போகிறாள், அவர் பையைப் பார்த்துக்கொள்கிறார். உப்புப் படியாமல் இருக்க, சனிக்கிழமை மாலையே காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிடுகிறார்.