இருபத்தேழாவது கோது

செபமாலையின் மூன்றாம் பத்தில் ஏழாவது மணியில் வேரோனிக்காவின் விரல் நின்றுவிட்டது. மலர்ச்சாலையில் இருந்த அறுபது எழுபது பேரும் "தூய மரியே" என்று பதில் சொல்லி எட்டாவது மணிக்குப் போனார்கள். அவள் மட்டும் ஏழைப் பிடித்தபடி, சவப்பெட்டிக்குள் நீலக் கோட்டோடு கிடந்த கணவன் றெமிஜியசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பின்னேரமும் இதே ஏழில் நின்றபோதுதான் வீட்டில் மேலே குசினியில் அவர் விழுந்த சத்தம் கேட்டது.

அப்போது அவள் கீழே பேஸ்மன்றில் துவக்குக்குத் தோட்டா செய்துகொண்டிருந்தாள்.

றெமிஜியஸ் மார்க்கம் என்ற நகரத்தில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் இரும்புத் தட்டுச் சுடும் போட்டிக்குப் போவார். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டு ஓடிவந்தவன் இங்கே காசு கட்டி அதைக் கேட்கப் போகிறான் என்று அவருடைய அக்கா கிளடிஸ் நக்கலடிப்பாள். போட்டியில் ஐந்து தட்டுகள் இருக்கும். தட்டு விழத் தேவையில்லை, சன்னம் பட்டு 'டிங்' என்றால் போதும். ஐந்தையும் கெதியாக அடிப்பவர் வெல்வார். துவக்கு கையில் துள்ளாவிட்டால்தான் கெதியாக அடிக்கலாம், தோட்டாவின் வெளிக்கூடான கோதுக்குள் வெடிமருந்தைக் குறைத்தால்தான் துள்ளாது. ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் சுட்ட கோதைத் துவக்கு வெளியே தள்ளாது, சிக்கிக்கொள்ளும். அதற்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இளக்கமானதாக மாற்ற வேண்டும். ஒரு மாரிகாலம் முழுக்க அவர் நாலு ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பூட்டினார், அவள் மருந்தைத் துளித்துளியாகக் குறைத்தாள். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் சரிக்கட்டிய ஒரே சாமான் அதுதான் என்று அவர் பகிடி விடுவார்.

மருந்து நிறுக்கிறது அவள் என்பது கிளப்பில் எவருக்கும் தெரியாது. அவருக்குத் தராசின் இலக்கமும் தெரியாது, பொறுமையும் கிடையாது. மச்சாள் கிளடிசின் காதுக்குப் போகுமென்று பயந்து, தன் பெயரை எடுக்கவேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். கோது அடுக்கும் பலகையில் ஐம்பது குழி. செபமாலையிலும் ஐம்பது மணி. ஒரு கோதுக்கு மருந்து ஒரு தரம், அருள் நிறைந்த மரியே ஒரு தரம். பதினொரு வருடத்தில் ஒரு கோது பிழைத்ததில்லை. கிளடிஸ் போன் எடுத்தால் "அவ கீழை செபமாலை சொல்லுறா அக்கா" என்பார் றெமிஜியஸ். அது பொய்யும் இல்லை.

அம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஏற்கெனவே நெஞ்சு நோய்க்காரர், ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்தநாள் காலை வேரோனிக்கா கீழே இறங்கி, பாதியில் விட்டதை முடித்தாள். தொடங்கிய செபத்தைக் குறையில் விட அவளுக்கு மனம் வரவில்லை. வழக்கமாக ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்ப்பாள். அன்று கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. சன்னங்களை வைத்து அழுத்திப் பெட்டியை மூடினாள்.

அந்தப் பெட்டியைத்தான் நேற்று றிச்சர்ட் வாங்கிக்கொண்டு போனான். கிளப்பில் றெமிஜியசோடு சுடுகிற பெடியன். அவனுடைய துவக்குக்கு ஸ்பிரிங் பூட்டிக் கொடுத்ததும் றெமிஜியஸ்தான். இப்போதைய சட்டப்படி றெமிஜியசின் துவக்கை அவன் பெயருக்கு மாற்ற முடியாது. ஆகவே ஞாயிறு மட்ச்சில் அவருடைய தோட்டாவையாவது சுடுகிறேன் என்று கேட்டான். ஞாயிறு என்றால் நாளைக்கு.

ஏழுக்கு மருந்து போட்டுவிட்டுத்தான் மேலே ஓடினேனா? அடுத்தநாள் ஏழிலிருந்து தொடங்கினேனா, எட்டிலிருந்தா? அவளுக்கு நினைவு வரவில்லை. மூன்றாம் பத்தின் அந்த ஏழில், இருபத்தேழாவது கோதில், மருந்தே இல்லாவிட்டால் சன்னம் குழலுக்குள் இறுகும், அடுத்த வெடியில் குழல் பிளக்கும். இரண்டு தரம் விழுந்திருந்தால் கைக்குள்ளேயே வெடிக்கும். மருந்து அவ்வளவு குறைவென்பதால் இரண்டு பங்கும் ஒரு கோதுக்குள் அடங்கிவிடும், வெளியே ஒன்றும் காட்டாது.

செபம் முடிந்ததும் றிச்சர்ட் மைக்கைப் பிடித்தான். "அண்ணையின்ரை தோட்டா ஒருநாளும் பிழைச்சதில்லை. மருந்து விசயத்திலை எங்கடை கிளப்பிலை அவர்தான் வாத்தியார்." எல்லோரும் தலையாட்டினார்கள். கிளடிஸ் பெருமையோடு மூக்கைத் துடைத்தாள்.

 வாயைத் திறந்தால் மனுசனுடைய பெயர் போகும். திறக்காவிட்டால் இந்தப் பெடியனுடைய கை போகும். வேரோனிக்கா எழுந்து அவனிடம் போனாள்.

"றிச்சர்ட், அந்தப் பெட்டி எங்கை?"

"காரிலை இருக்கு அக்கா."

"அதைச் சுடாதையும். அதிலை பிழை இருக்கு."

"அண்ணை செய்ததிலை பிழை வராதக்கா."

"அவர் செய்யேல்லை. நான்தான். பதினொரு வருசமா நான்தான்."

றிச்சர்ட் சவப்பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"புதன்கிழமை நான் மருந்தை ரெண்டு தரம் போட்டனோ, போடாமலே விட்டனோ தெரியேல்லை. அந்தரத்திலை ஞாபகமில்லை" என்றாள்.

பின்னால் தண்ணீர்ப் போத்தல் ஒன்று விழுந்தது. கிளடிஸ் நின்றாள்.

"ஆருக்கு? தம்பிக்கோ?"

"மச்சாள்..."

"எனக்கு அப்பவே ஐமிச்சம். போன கிழமை போனுக்குள்ளை கேட்டது. மருந்தைக் குறைச்சாப்பிறகுதான் கை அசையாமல் நிக்குது எண்டு அவனுக்குச் சொன்னனி. நெஞ்சு வருத்தக்காரனுக்கு ஏன் மருந்தைக் குறைச்சனி?"

கணவனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பது முறையில்லை. ஆனால் வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு மூன்று நாளாகப் பொறுத்திருந்த அழுகையும் வந்தது. "அந்த மருந்தில்லை மச்சாள். வெடிமருந்து."

வெடிமருந்து கிளடிசின் தலைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப நீ கீழை செபமாலை சொல்லுறாய் எண்டு அவன் சொன்னதெல்லாம்?"

"அதுவும் சொன்னனான்."

கிளடிஸ் தம்பியின் முகத்தை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். "கள்ளன்" என்றாள், ஆசையாக. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு தோட்டாவாகப் பிரித்துப் பார்ப்போம் என்றான் றிச்சர்ட். கிளடிஸ் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். "இஞ்சை சனம் போனவுடனை நானும் வாறன்."

வெயில் இறங்குமுன் மூன்று பேரும் வேரோனிக்காவின் ஸ்காபரோ வீட்டுப் பேஸ்மன்றில் இருந்தார்கள். சுத்தியல் போன்ற ஒரு சாமானுக்குள் தோட்டாவை வைத்து றிச்சர்ட் நிலத்தில் தட்டினான். தட்டத் தட்டச் சன்னமும் மருந்தும் கழன்று வந்தன. வேரோனிக்கா ஒவ்வொரு கோதின் மருந்தையும் நிறுத்தாள். செய்த ஒழுங்கில்தான் அடுக்கியிருந்தாள், ஆனாலும் முதலாவதிலிருந்தே பிரித்தார்கள். தராசு 3.2 காட்டியது. மூன்று தசம் இரண்டு. மூன்று தசம் இரண்டு. இருபத்தாறு தரமும் அதுதான்.

"நாளைக்கு நான் ஆரின்ரை பேரைச் சொல்லிச் சுடுறது அக்கா?" என்று றிச்சர்ட் கேட்டான்.

"ரெண்டு பேற்றையும் சொல்லும்" என்றாள் கிளடிஸ். "அவனுக்குத் தராசு பாக்கத் தெரியாதெண்டு எனக்கே தெரியும்."

இருபத்தேழாவதைத் தட்டினான். தராசு ஆறு தசம் நான்கு என்றது.

றிச்சர்ட் தன் வலது கையை ஒருதரம் விரித்துப் பார்த்தான்.

"கூடவோ, குறைவோ?" என்று கிளடிஸ் கேட்டாள்.

"ரெண்டு பங்கு."

ஒரு பங்கு போட்டபோது மேலே அவர் நடமாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றது அடுத்தநாள் காலை போட்டது. இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரே தட்டில் கிடந்தன. எது எதுவென்று பிரிக்க வழியில்லை. அவள் தட்டை அசைக்காமல் சிறிது நேரம் வைத்திருந்தாள்.  பிறகு எல்லாவற்றோடும் சேர்த்துக் கொட்டினாள்.

மிச்சம் இருபத்துமூன்றையும் பிரித்து முடித்து, ஐம்பது கோதையும் பலகையில் அடுக்கினாள். கிளடிஸ் கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

"நான் சொல்லுறன், நீ மருந்தைப் பார். விட்ட இடத்திலையிருந்தோ?"

"இல்லை மச்சாள். முதலிலையிருந்து."

கிளடிஸ் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, சிலுவை அடையாளம் வரைந்தாள். வேரோனிக்கா முதல் கோதை எடுத்து மருந்துக் குழாயின் கீழே பிடித்தாள்.