முதலாளியைத் தூக்கிய கிரேன்

1955-ஆம் வருஷம் ஆடித் தபசை ஒட்டி சங்கரன்கோவிலில் யந்திரப் பொருட்காட்சி ஒன்று நடத்தினார்கள். தபசு பார்க்க வருகிற ஜனம் அப்படியே ரோடு உருளையையும் கிரேனையும் பார்த்துவிட்டு, நாகரிகம் அடைந்து ஊர் திரும்பும் என்பது கமிட்டியின் நம்பிக்கை. ஜனம் வந்தது. ரோடு உருளையின் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டது.

நான் மதராஸ் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு, பெயர் சங்கரராமன். மூன்று டன் தூக்கும் கைக்கிரேன் ஒன்றைக் கூட்ஸ் வண்டியில் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்தியிருந்தேன். மானேஜர் கொடுத்தனுப்பிய கடிதத்தில் இரண்டே வரி. ஆர்டர் வாங்கினால் வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் கிரேனை மட்டும் திருப்பி அனுப்பவும், நீர் வரவேண்டாம். மூன்று வருஷம் வேலை தேடி அலைந்தவனை உற்சாகப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி அது.

வாங்கக்கூடியவர் ஒரே ஒருவர், மேலநீலிதநல்லூர் சங்கரநயினார். திருவேங்கடம் ரோட்டில் ஓடைப் பாலம் கட்டும் கான்ட்ராக்ட் அவருடையது. பொருட்காட்சிக் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. ஊரில் எதற்கெல்லாம் தலைவர் தேவையோ அதற்கெல்லாம் அவர் தலைவர். தேவைப்படாதவற்றுக்கும் கேட்டால் மறுக்கமாட்டார்.

என் ஸ்டாலுக்குப் பின்னால் ஆதமின் ஸ்டால். மூன்று நெடுங்கட்டைகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, ஓர் இரும்புக் கப்பியும் வடமும் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஆட்கள் மூன்று பேர். அந்த வட்டாரத்தில் கிணறு வெட்டினால் கல்லை மேலே கொண்டுவருவதும், பாலம் கட்டினால் கல்லை ஏற்றுவதும் அவர்கள்தான். நான் கிரேனை விற்றால் ஓடைப் பாலத்து வேலை அவர்களுக்கு இல்லை. விற்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. இது இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும்.

"மிஷின் சோக்காத்தான் இருக்கு வே," என்றார் ஆதம். "ஆனா கரிசல் சேத்துக்குள்ள எறங்குமா?"

"இறங்கும்," என்றேன். ஏஜெண்டு முதலில் கற்றுக்கொள்கிற வார்த்தை அதுதான்.

திறப்பு விழாவுக்கு யோசனை சொன்னவர் கமிட்டிக் காரியதரிசி நாறும்பூநாதன். ரெவின்யூவில் இருந்து ரிட்டயர் ஆனவர். யோசனை சொல்வதிலிருந்து இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. "எல்லா ஊர்லயும் ரிப்பனைத் தரையில நின்னு வெட்டுதான். நம்ம தலைவரு ஆகாசத்துல நின்னுல்லா வெட்டணும்," என்றார். கிரேனில் பலகைத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் தலைவரை நிறுத்தி, இருபதடி உயரத்தில் கட்டிய ரிப்பன் வரை தூக்கவேண்டும்.

ஆட்களை ஏற்றக்கூடாது என்று கம்பெனிப் புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. சங்கரநயினார் பலகையைத் தட்டிப் பார்த்து, "இது நம்மளத் தாங்கிட்டுன்னா ஓடைக்கு இதான்," என்று சொல்லிவிட்டிருந்தாரே.

திறப்பு நாள் காலையில் நான் காப்பி குடிக்கப் போயிருந்த நேரத்தில் நாறும்பூநாதன் கிரேனுக்குப் பூஜை போட்டார். சந்தனம், குங்குமம் எல்லாம் சரி. அதோடு விடாமல், புது யந்திரத்துக்கு எண்ணெய்க் காப்பு இல்லாமலா என்று ஒரு படி நல்லெண்ணெயை எடுத்து, சுற்றுகிற இடம் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே தேய்த்துவிட்டார். அரளி மாலையைப் பல்சக்கரத்தில் இறுக்கிச் சுற்றினார். கடைசியாக, கரி பிடித்த அடிப்பாகம் தலைவருக்கு அழகில்லை என்று சுற்றிலும் படுதா கட்டினார்.

அவர் பக்தியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கிரேனில் எண்ணெயே படக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது பிரேக் உருளை. சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கிற இரும்பு நாக்கு விழுவது பல்சக்கரத்தில். மாலை சுற்றியிருந்தால் நாக்கு விழாது. இரண்டையும் நான் பார்த்திருக்கவேண்டும். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, தலைவர் பலகையில் ஏறிவிட்டார், நான் படுதாவுக்குள் நுழைந்து "தூக்கு" என்றேன்.

கைப்பிடிக்கு ஒருவராக என் கூலியாட்கள் இரண்டு பேர் சுற்றினார்கள். தலைவர் மேலே போனார். ரிப்பன் வெட்டப்பட்டது, கைதட்டல் கேட்டது. நான் பிரேக்கைப் போட்டேன். அது வழுக்கியது. கைப்பிடி பின்னால் இழுத்தது. நாக்கைத் தள்ளினேன், மாலையில் மாட்டிக்கொண்டு நின்றது. மாலையைப் பிய்க்க இரண்டு கையும் வேண்டும். என் இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன. கைப்பிடியிலும் நல்லெண்ணெய்; மூன்று பேரும் சேர்ந்து பிடித்தும் கை வழுக்க, அது எங்களை மெல்ல இழுத்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். அந்த நாதஸ்வரத்தில் யாருக்குக் கேட்கும்? பின்பக்கப் படுதாவை விலக்கிக்கொண்டு ஆதம் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "ஏலே, ஓடியாங்கலே! விட்டா ஆளு மவுத்து!" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே கைப்பிடியில் தோளைக் கொடுத்தார். ஏழு பேர். கிரேன் நின்றது. ஒருவர் கையை எடுத்தாலும் மறுபடி நழுவியது, மாலையைப் பிய்க்க ஆள் மிச்சமில்லை.

உடனே இறக்கியிருக்கலாம். ஆனால் மேலே சங்கரநயினார் தொண்டையைச் செருமினார். கையில் மைக் இருந்தது.

முக்கால் மணி நேரம் பேசினார். ஐந்தாண்டுத் திட்டத்தில் ஆரம்பித்து அணைக்கட்டுகளுக்குப் போய், கிரேனுக்குத் திரும்பி வந்தார். "மகாஜனங்களே! இன்று என்னைத் தாங்கி நிற்பது எது? மனிதன் கை படாத யந்திரம்! இனி நம் நாட்டில் மனிதன் பாரம் சுமக்கவேண்டியதில்லை!" ஜனம் கைதட்டியது. படுதாவுக்குள் ஆதமின் ஆள் ஒருவன் மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, "அண்ணாச்சி, அவரு எப்ப முடிப்பாரு?" என்றான். "பேசாமப் பிடிலே," என்றார் ஆதம். ஆடிக் காற்றில் பலகை ஆடும்போதெல்லாம் கைப்பிடி எங்கள் நெஞ்சில் இடித்தது.

கடைசியில் ஜெய்ஹிந்த் கேட்டது. கால் சுற்று, கால் சுற்றாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினோம். பூவை வைப்பது போலத் தலைவரைத் தரையில் வைத்தோம்.

அவர் நேரே படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "என்ன பதவிசா எறக்குது வே! ஒரு குலுக்கல் இல்ல!" என்றார். பிறகு அங்கே நின்றவர்களைப் பார்த்தார். "இவனுக என்ன இங்கன?"

ஆதம் வலது கையை இடது கையால் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். அவர் பார்வை என் மேல் இருந்தது.

"மிஷின் பார்க்க வந்தாங்க," என்றேன்.

"பாக்கட்டும், பாக்கட்டும். இத ஓட்ட எத்தன ஆளு வேணும்?"

"ரெண்டு பேர் போதும்."

"அப்பம் ஆர்டர எழுதும்." ஆதமின் பக்கம் திரும்பினார். "ஆதம், ஓடைக்கு நீங்க வரவேண்டாம். மிஷின் வந்துட்டுல்லா."

அவர் போன பிறகு நான் ஆதமிடம் போனேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. அவர் தன் மூன்று நெடுங்கட்டைகளிலிருந்து கப்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"நீங்க மட்டும் வரலேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஒமக்காவ வரல வே," என்றார். "மேல மனுசன் நின்னாரு. எங்களுக்குக் கைய விட முடியல. ஒமக்கு வாயத் தொறக்க முடியலியாக்கும்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதாவது ஓடிப்போய்ச் சங்கரநயினாரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் கார் தேரடிப் பக்கம்கூடத் திரும்பியிருக்கவில்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆர்டர் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.