சோஃப்கா வருவதற்கு முன்

பெட்டியின் முன் இடது கைப்பிடி டாம்யானிடம் இருந்தது. கோயில் மேட்டின் சரிவிலிருந்த கல்லறைக்கு இறங்கும் சரளைப் பாதையில் ஆறு பேரும் ஒரே காலடி வைக்க வேண்டும். அந்தக் கவனத்தில் நடந்தவனின் காதில் பின்னாலிருந்து லோய்ஸின் மூச்சு சூடாக விழுந்தது.

"மாப்பிள்ளை, மைனஸ் ரெண்டாம்."

"என்னது?"

"இன்னிக்கு ராத்திரி. ரெண்டு மணிச் செய்தியில சொன்னான். வெட்டவெளியில மூணுகூட ஆகுமாம்."

டாம்யான் ஒரு அடி தவறினான். பெட்டி லேசாக ஆடியது. உள்ளே அவனுடைய மாமனார் சிரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி ஆறுவதற்குள் போய்விட்டார். பெட்டி அவன் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருந்தது.

"நெசமாவா?"

"மேல பாரேன். மேகம் கலையுது."

கலையத்தான் செய்தது. காலை முழுவதும் போஹோர்யே மலையை மூடியிருந்த சாம்பல் மூட்டம் ஓரத்திலிருந்து உரிந்துகொண்டிருந்தது. காற்றும் நின்றுவிட்டது. மே மாதம் பதிமூன்றாம் தேதி, தெளிந்த வானம், அசையாத காற்று. ராத்திரி உறைபனி விழும் என்பது அந்தத் தெருவில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பனிக்காரர் மூவர் என்று பெயர் பெற்ற புனிதர்களின் நாட்கள் பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. பதினைந்தாம் தேதி புனித சோஃப்காவின் நாள். அவள் வந்து, பெய்வதைப் பெய்து, கிளம்பிப் போன பிறகுதான் தக்காளி நாற்று வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும்.

இந்த விதியைத் தெருவுக்குள் நாற்பது வருடம் கட்டிக் காத்தவர் சிரில். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மே முதல் வாரத்தில் யார் வீட்டு வாசலில் நாற்றுத் தட்டு தெரிந்தாலும் வேலிக்கு மேல் அவர் தலை எழும். "சிவப்பு!" என்று கத்துவார். "இன்னும் சிவப்பு! உள்ள கொண்டு போ!" கல்யாணமான முதல் வருடம் டாம்யான் மே ஒன்றாம் தேதி நட்டு, முப்பது செடியையும் பனிக்குக் கொடுத்தான். அதற்குப் பிறகு பதினோரு கிறிஸ்துமஸ் விருந்துகளில் அந்த முப்பது செடிக்கும் திவசம் நடந்தது. "ஆழமில்லாம மேலாக நடுவான், சீக்கிரமா நடுவான். ரெண்டும் சேந்தா என் மருமகன்!"

அப்படிப்பட்ட மனிதர் இந்த வருடம் ஏப்ரல் இருபத்தேழாம் தேதியே நட்டுவிட்டார்.

மூன்று நாள் தெரு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தது. நாலாவது நாள் பக்கத்து வீட்டு ஸ்டெஃப்கா தன் அறுபது நாற்றையும் மண்ணில் இறக்கினாள். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு லோய்ஸ். வாரக் கடைசியில் டிராவா ஆற்றங்கரை வரை பதினேழு வீட்டுத் தோட்டமும் நட்டு முடிந்திருந்தது. சிரிலே நட்டுவிட்டார் என்றால் இந்த வருடம் பனி வராது. யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை.

கல்லறையோரம் பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கியபோது டாம்யான் சுற்றிலும் பார்த்தான். அறுபது எழுபது பேர். அத்தனை முகங்களும் வானத்தை நோக்கியிருந்தன. கூட்டத்தின் பக்தியைக் கண்டு பாதிரியார் ஒரு கணம் நெகிழ்ந்துபோனார். பிறகு அவரும் அண்ணாந்து பார்த்தார். அவர் வீட்டுக் கொல்லையிலும் நாற்பது செடி இருந்தது. சிரில் செய்த நற்செயல்களைப் பற்றிய நீண்ட பத்தி அப்படியே விடுபட்டது. நேராக மண் தூவும் இடத்துக்கு வந்துவிட்டார்.

சாவுச் சாப்பாடு சாலையோரச் சாப்பாட்டு விடுதியில். மாட்டிறைச்சி சூப் வந்தது. யாரும் கரண்டியை முழுதாக இறக்கவில்லை. மேசைக்கு மேசை போன்கள் கைமாறின.

"நார்வேக்காரன் வானிலைப் பக்கத்துல மைனஸ் ஒண்ணுதான் போட்டிருக்கான்."

"நார்வேக்காரனா வந்து உன் தக்காளிக்கு அழப்போறான்?"

டாம்யானின் மனைவி உர்ஷ்கா தன் அம்மாவின் தட்டில் ரொட்டி வைத்தாள். மிலேனா அதைத் தொடவில்லை. கறுப்பு உடையில் நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு பேச்சுக்கும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கோப்பை ஒயினோடு ஸ்டெஃப்கா எழுந்தாள்.

"மிலேனா, இன்னிக்கு இதைப் பேசக்கூடாது. பேசாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும். நாப்பது வருஷம் என் நாத்தை வெளிய விடாத மனுஷன்! ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்குக்கூட வேலியில நின்னு கத்தினாரு. அவரே நட்டாருன்னா நான் என்ன நெனப்பேன்? அறுபது செடி! அதுல இருபது காளை இதயத் தக்காளி! இப்ப யாரைப் போய்க் கேக்கறது? மேட்டுல போய்ப் படுத்துக்கிட்டாரு!"

சொல்லிவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. மற்றவர்களுக்கும் தொற்றியது. லோய்ஸ் கைக்குட்டைக்குள் குலுங்கினார். உர்ஷ்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். மிலேனா சிரிக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. எழுந்து நின்றாள்.

"மணி அஞ்சேகால். எட்டு மணிவரைக்கும் வெளிச்சம் இருக்கு. சூப்பைக் குடிச்சுட்டு எல்லாரும் வீட்டுக்கு ஓடுங்க."

"வறுவல் இன்னும் வரலையே," என்றான் பரிமாறுகிறவன்.

"கட்டிக் குடு," என்றாள் மிலேனா.

அப்படி ஒரு ஓட்டத்தை அந்தத் தெரு கண்டதில்லை. கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாக ஆண்கள் வாளிகளைக் கவிழ்த்தார்கள். பெண்கள் குதிகால் செருப்பை வாசலில் உதறிவிட்டு, காலுறையோடு பாத்திக்குள் இறங்கினார்கள். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, உருளைக்கிழங்குச் சாக்கு, டிவி வந்த அட்டைப்பெட்டி, பழைய குடை. ஒரு வீட்டில் குழந்தை குளிக்கும் தொட்டி. உர்ஷ்கா அப்பாவின் அலமாரியிலிருந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஸ்டெஃப்கா பேசில் செடித் தொட்டிகளை இரண்டிரண்டாக அக்குளில் இடுக்கி வீட்டுக்குள் கடத்தினாள். பார்ஸ்லியையும் வெங்காயத்தையும் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவை குளிர் தாங்கும். வேலிக்கு வேலி கத்தல்.

"கொடிக்கவ்வி இருக்கா?"

"என்கிட்ட தம்பூராக் கம்பிதான் இருக்கு, வேணுமா?"

"லோய்ஸ், உன் பொண்டாட்டியோட பாவாடையை வேலியில விட்டுட்டே!"

"அது மூணு செடிக்குப் போதும், குடு இங்க!"

வியர்த்து, மூச்சு வாங்கி, டாம்யானுக்கு வெட்கமாக இருந்தது. மாமனாரைப் புதைத்து மூன்று மணி நேரம்தான் ஆகிறது. இத்தனை உற்சாகமாக அவன் வருடக்கணக்கில் இருந்ததில்லை.

சிரிலின் தோட்டத்தில் மூன்று வரிசைத் தக்காளி. முதல் வரிசைக்கு மேல் கம்பி வளைவுகளை ஊன்றி பிளாஸ்டிக் தாளை இழுத்தான். இரண்டாவதையும் முடித்தான். மூன்றாவது வரிசைக்கு முன் மண்டியிட்டவனின் கை நின்றது.

முதல் இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியும் கழுத்துவரை மண்ணுக்குள் இருந்தது. அதுதான் சிரில். தண்டைப் புதைத்தால்தான் வேர் பெருகும் என்று அவனுக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருப்பார்! மூன்றாவது வரிசையில் தண்டு முழுக்க வெளியே இருந்தது. வேர்க்கட்டியின் மேல் ஒரு பிடி மண். நான்கு செடி சாய்ந்திருந்தது. கடைசிச் செடியின் வேர்க்கட்டி பாதி வெளியே தெரிந்தது.

"அத்தை, இந்த வரிசை யாரு நட்டது?"

மிலேனா போர்வை ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"அவருதான்."

"இப்படியா? இது என் நடவு மாதிரில்ல இருக்கு."

"ரெண்டு வரிசைக்கு மண்வெட்டி பிடிச்சாரு. மூணாவதுக்குத் தூக்க முடியல. சமையல் கரண்டியை எடுத்து உக்காந்து தோண்டினாரு. நான் குனிஞ்சா கத்தினாரு." அவள் போர்வையின் மூலையைத் தேடி எடுத்தாள். "மார்ச்சுலயே டாக்டர் சொல்லிட்டாரு, டாம்யான். சோஃப்கா போகட்டுமே, அவசரம் என்னன்னு கேட்டேன். சோஃப்காவுக்கு நான் காத்திருப்பேன், எனக்கு சோஃப்கா காத்திருக்க மாட்டாளேன்னாரு."

டாம்யான் சாய்ந்த செடி ஒன்றை நிமிர்த்தினான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"தெருவே அவரைப் பாத்து நட்டுச்சே, அத்தை."

"சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? ஸ்டெஃப்கா தட்டைத் தூக்கிட்டு வந்தப்பத் தடுக்கணும்னு கதவைத் திறக்கப் போனேன். 'சொல்லாத. சொன்னா ஏன்னு கேப்பா. அப்புறம் தினமும் சூப்பைத் தூக்கிட்டு வந்து கட்டில்ல உக்காந்துடுவா'ன்னாரு. நின்னுட்டேன். பதினேழு வீடு. ஒவ்வொண்ணா நட்டு முடிக்கறதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். ஒரு செடி செத்தாலும் அது என் கணக்குத்தான்." குரலைத் தாழ்த்தினாள். "உர்ஷ்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளி உருண்டது. ஸ்டெஃப்கா அங்கே குனிந்த நிலையில் அசையாமல் இருந்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாளோ. நிமிர்ந்தாள், வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் வாத்து இறகு மெத்தைப் போர்வை. வெள்ளை உறை, ஓரத்தில் அவளே பின்னிய லேஸ். வேலிக்கு மேல் நீட்டினாள்.

"மூணாவது வரிசைக்கு."

"இது உங்க நல்ல போர்வையாச்சே," என்றான் டாம்யான்.

"வளைவு மேல போடு. செடி மேல போட்டு நசுக்கிடாத. மேலாக நட்ட செடிக்குக் குளிர் சீக்கிரம் ஏறும்."

மிலேனாவைப் பார்க்கவில்லை. மறுபடி தன் வாளிகளிடம் போய்விட்டாள்.

ஏழு மணிக்கு வெப்பமானி நாலு காட்டியது. லோய்ஸ் தெரு நடுவில் நின்று கையை விரித்தார்.

"துணி மட்டும் பத்தாது. கூடாரத்துக்குள்ள சூடு வேணும். திராட்சைத் தோட்டத்துல மெழுகுவர்த்தி ஏத்துவாங்களே, அந்த மாதிரி. கடை அடைச்சாச்சு."

மெழுகுவர்த்தி எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் ஆளுக்கு இரண்டு மூன்று என்று அவர்களே சிரிலின் கல்லறையில் கொண்டுபோய் வைத்தவை. மூடி போட்ட சிவப்புக் குடுவைகள், புது மண்ணைச் சுற்றி, நூற்றைம்பதுக்குக் குறையாது. பின் ஒவ்வொருவராக மிலேனாவைப் பார்த்தார்கள்.

"தள்ளுவண்டி கொண்டு போங்க," என்றாள் அவள். "அவருக்கு ரெண்டு விட்டுட்டு மிச்சத்தை எடுத்துட்டு வாங்க."

டாம்யானும் லோய்ஸும் இரண்டு தள்ளுவண்டியோடு மேட்டுக்கு ஓடினார்கள். முதல் குடுவையை எடுக்க டாம்யானுக்குக் கை வரவில்லை. லோய்ஸ் தொப்பியைக் கழற்றி, "சிரில், கோவிச்சுக்காத, உன் தப்பைத்தான் சரி பண்றோம்," என்று சொல்லிவிட்டு அள்ளத் தொடங்கினார். டாம்யான் திருத்த வாய் எடுத்தான், மூடிக்கொண்டான். எரிகிற குடுவைகளை அணைக்காமலே அடுக்கினார்கள். கல்லறை வாசலில் பாதிரியார் நின்றிருந்தார். அங்கி இல்லை, ரப்பர் பூட்ஸ்.

இருவரும் நின்றார்கள். வண்டியில் சுடர்கள் நடுங்கின.

"ஃபாதர், அந்தம்மாதான் சொன்னாங்க..."

"எனக்கு ஒரு பன்னெண்டு கிடைக்குமா?" என்றார் பாதிரியார்.

இருட்டு விழுந்தபோது பதினேழு தோட்டத்திலும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் சிவப்பு வெளிச்சம் இருந்தது. ஆளாளுக்கு வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். கட்டிக்கொண்டு வந்த வறுவலைக் கையால் பிய்த்துத் தின்றார்கள். பிறகு தூங்கப் போனார்கள்.

விடிந்தபோது புல் வெள்ளையாக இருந்தது. மிதித்தால் நொறுங்கியது. இரவு உடைக்கு மேல் கோட்டும் பூட்ஸுமாகத் தெரு வெளியே வந்தது. முதல் விரிப்பை எடுக்க யாருக்கும் தைரியமில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள்.

"ஐம்பத்தெட்டு!" ஸ்டெஃப்காவின் குரல். "ரெண்டுதான் போச்சு! காளை இதயம் இருபதும் இருக்கு!"

"முப்பத்தொண்ணு!"

"எனக்கு எல்லாம் இருக்கு! எல்லாமே!"

"என் குடமிளகா ஏழும் காலி!" லோய்ஸ் பரிசு விழுந்தவர்போலக் கத்தினார்.

டாம்யான் இறகுப் போர்வையைத் தூக்கினான். மூன்றாவது வரிசையில் சில இலைகளின் ஓரம் கறுத்திருந்தது. தண்டுகள் பச்சையாக நின்றன. அவன் எண்ணினான். ஒன்றும் குறையவில்லை. வாசலில் மிலேனா காப்பிக் கோப்பையோடு நின்றாள். அவளிடம் தலையை மட்டும் அசைத்தான்.

"மிலேனா!" ஸ்டெஃப்கா வேலியருகே வந்தாள். இரு கைகளிலும் சுருட்டிய விரிப்புகள். "இதையெல்லாம் தோய்க்கப் போட்டுடலாமா?"

கேட்டது ஸ்டெஃப்கா மட்டும்தான். ஆனால் லோய்ஸும் கையிலிருந்த வாளியோடு நின்றார். அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் பேச்சு நின்றது. வேலிகளுக்கு மேல் தலைகள் எழுந்தன.

மிலேனா கோப்பையைப் படியில் வைத்தாள். பாத்திக்கு வந்து குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் பதித்தாள். போஹோர்யே பக்கம் பார்த்தாள். உச்சியில் ராத்திரி விழுந்த பனி வெளுத்திருந்தது. நேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பகல்ல திறந்து வைங்க. சாயங்காலம் மூடணும். இன்னும் ரெண்டு ராத்திரி."

அவள் குரல் பெரியதல்ல.

"என்ன சொல்றா?" என்று மூன்றாவது வீட்டிலிருந்து கேட்டார்கள்.

"இன்னும் ரெண்டு ராத்திரிங்கறா!" என்று ஸ்டெஃப்கா கத்தினாள். "மூடணுமாம்!"

"ரெண்டு ராத்திரி!" லோய்ஸ் அதை வாங்கி அடுத்த வேலிக்குக் கொடுத்தார். அங்கிருந்து அடுத்ததற்கு. வேலி வேலியாக அது ஆற்றங்கரைவரை போவது கேட்டது. கடைசி வீட்டில் யாரோ கொடியில் போட்ட விரிப்பை இறக்கி மடிக்கத் தொடங்கினார்கள்.

மிலேனா மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. படியில் காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.