யாருக்கு வெட்டி வைத்த பழம்?

சித்திரைத் தேர் வந்தால் நிஜாமுதீனுக்குத் தலைகால் புரியாது. சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். தர்பூசணி வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? விடிவதற்கு முன்பே திருச்சியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தேரடிப் பக்கம் இடம்பிடித்துவிடுவான்.

கூட்டம் வந்த பிறகு வெட்டிக்கொண்டிருந்தால் ஆள் பக்கத்து வண்டிக்குப் போய்விடும் என்று, காலையிலேயே பழங்களைக் கீறிப் பலகையில் பரப்பிவைப்பான். கீற்று வாடினால் வாளித் தண்ணீரை அள்ளித் தெளிப்பான். உடனே அது கல்யாணப் பெண் மாதிரி மினுமினுக்கும். ஈ விரட்டுவதும் கத்தி துடைப்பதும் ஒரே ஈரத்துணிதான்.

அந்தத் தண்ணீர் காவிரியில் மொண்டது. சித்திரையில் காவிரி ஏது? மணல் நடுவே தேங்கிய குட்டைகள்தான். அதில்தான் ஊரே குளிக்கும், துணி அலசும். மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த தண்ணீருக்குக் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. ‘காவிரித் தண்ணிதானே, என்ன பண்ணிடும்!’ என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். கெட்டவன் இல்லை, பாவம், அவசரக்காரன்.

உச்சிவேளையில் அவன் மனைவி வஹீதா சோற்றுத் தூக்கோடு ஜட்காவில் வந்து இறங்கினாள். மசக்கைக்காரி. நாலு நாளாக எதைத் தின்றாலும் குமட்டல். பலகையைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கில் நீர் ஊறியது.

“எனக்கு ஒரு கீத்து குடுங்களேன்.”

அவள் நீட்டிய கையை அவன் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டான். “அது வேணாம் புள்ள! காலையில வெட்டுனது, குட்டைத் தண்ணி பட்டது. உனக்குப் புதுசா வெட்டித் தரேன்.”

புருஷனின் அன்பில் வஹீதாவுக்கு முகம் மலர்ந்தது. அதற்குள் லால்குடிப் பக்கத்துக் குடியானவன் பிச்சை, நிறைமாதமான மனைவி வேலம்மாளை நடத்தி அழைத்து வந்தான்.

“பாய், இவளுக்கு நல்லாச் செவந்ததா ஒண்ணு குடுங்க. சோறே எறங்க மாட்டேங்குது.”

நிஜாமுதீன் பழக்கதோஷத்தில் பலகையிலிருந்து ஒரு கீற்றை எடுத்துத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தான். வேலம்மாள் வாயருகே கொண்டுபோனாள்.

“திங்காதீங்க அக்கா!” வஹீதா அவள் கையைப் பற்றினாள்.

“ஏம்மா, காசு குடுத்துத்தானே வாங்குறோம்?” என்று பிச்சை முறைத்தான்.

வஹீதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு ஏன் இதைக் குடுக்கலைன்னு அவங்ககிட்டயும் சொல்லுங்க.”

சுற்றிலும் கூட்டம். ஒரு பொய் சொன்னால் அன்றைய வியாபாரம் தப்பும். வேலம்மாளின் வயிற்றைப் பார்த்தான். பொய் வரவில்லை.

“வேணாம்மா. குட்டைத் தண்ணி தெளிச்சது. வாந்திபேதி வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து.”

கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. நிஜாமுதீன் வண்டி ஓரமாக ஒரு குழி பறித்து, பலகையில் இருந்த கீற்றுகளை அப்படியே அதில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினான். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தெளியும்வரை காத்திருந்து, துணியில் வடிகட்டி எடுத்துவந்தான். வஹீதா அதை மூன்று கல் அடுப்பில் கொதிக்கவைத்து ஆற்றினாள். கையையும் கத்தியையும் முழுப்பழத்தின் தோலையும் அதில் கழுவிய பிறகே வெட்டினான். ஆளுக்குப் பாதியாக இரண்டு பெண்களும் தின்றார்கள். வேலம்மாள் தாடையில் வழிந்த சாற்றைப் பிச்சை வெட்கமில்லாமல் மேல்துண்டால் துடைத்துவிட்டான்.

“வெட்டி வச்சதை வாங்காதீங்க! கண்ணு முன்னால வெட்டச் சொல்லி வாங்குங்க!” என்று நிஜாமுதீன் கூவ ஆரம்பித்தான்.

பக்கத்து வண்டி அப்துல் சுக்கூருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உன் பொழப்பைக் கெடுத்தது பத்தாதா? என் பொழப்பையுமா?”

“அண்ணே, நம்ம பொண்டாட்டிக்குக் குடுக்கப் பயப்படுற பழத்தை அடுத்தவன் பொண்டாட்டிக்கு விக்கலாமா? அது வியாபாரம் இல்லண்ணே, துரோகம்.”

சுக்கூர் தன் பலகையைப் பார்த்தார். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. வாளியில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டினார்.

“ஊத்து எந்தப் பக்கம் தோண்டுனே?” என்று கேட்டார்.