மூன்றாம் சரணங்கள் தங்கிய வீடு

மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டுப் பாடும்படி போதகர் சொன்ன முதல் ஞாயிற்றுக்கிழமை, பாடப்படாத அந்தச் சரணம் தையல்காரியின் வீட்டுக்கு வந்து, துணி வெட்டும் மேசைக்கு அடியில் தங்கியது. ஆராதனை முடிந்து அவள் கதவைத் திறந்தபோது அது நான்கு குரல்களில், ஆர்கனும் சேர்ந்து, அடக்கமாக ஒலித்துக்கொண்டிருந்தது. எட்டு வரி முடிந்ததும் நின்றது, கொஞ்சம் மூச்சு வாங்கியது, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். வெட்டுத்துண்டுகளும் ஒரு சாக்கட்டியும்தான் கிடந்தன. ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

போதகர் கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகள் பெஞ்சில் நெளிகிறார்கள், வாலிபர்கள் பிரசங்கத்துக்கு முன்பே எழுந்து போகிறார்கள், ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சரணத்தை எடுத்துவிட்டால் நாலு நிமிடம் மிச்சமாகும் என்று பார்த்தார். எதை எடுப்பது என்பதிலும் அவருக்குச் சிரமம் இல்லை. பழைய பாட்டுப் புத்தகத்தில் முதல் சரணம் துதி, இரண்டாவது நன்றி, நான்காவது மோட்சம். வெள்ளம், வியாதி, சவக்குழி எல்லாம் மூன்றாவதில்தான் இருந்தன. ஆர்கன் வாசிக்கிற ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும் கமிட்டியில் எழுந்து, "எழுதினவங்க மூணாவது வழியா நடந்துதான் நாலாவதுக்குப் போனாங்க, ஐயா. நாம சுவரேறிக் குதிக்கிறோம்," என்றார். அவருடைய ஆட்சேபம் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அடுத்த விஷயமாகக் கூரை ஒழுகல் பேசப்பட்டது.

தையல்காரியும் டீச்சர் கட்சிதான். வழிபாடு என்பது பிடித்ததைத் தின்று பிடிக்காததைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற காரியம் அல்ல, முன்னே இருந்தவர்கள் கையில் கொடுத்ததைக் குறைக்காமல் அடுத்த கையில் கொடுப்பது என்று அவள் நம்பினாள். அடுத்த கூட்டத்தில் தானும் பேசுவதாக இருந்தாள். அதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துவிட்டது.

அவள் கணவர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். பாடற்குழுவில் இருபது வருடம் பேஸ் என்கிற அடிக்குரல். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்ததில் பேச்சு போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. கை நன்றாக இருந்தது, கண்ணும் இருந்தது, வாயில் "ம்" ஒன்றுதான் மிஞ்சியது. ஞாயிறுதோறும் மூன்று பாட்டுக்கு மூன்று சரணங்கள் வந்துகொண்டிருந்தன. மேசையடி நிறைந்ததும் அவை ஊசிப் பெட்டியிலும் பாதி தைத்த சட்டைக் கைகளிலும் இடம் பிடித்தன. நாற்பதாவது சரணம் வந்த வாரம், ஒரு கடிகாரத்தின் முதுகைத் திறந்துகொண்டே அவர் அந்தச் சரணத்தின் பேஸ் வரியைச் சொற்களோடு பாடினார். அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அது நின்றுவிடுமோ என்று பயம்.

அன்றிலிருந்து அவரால் மூன்றாம் சரணங்களில் இருந்த சொற்களை மட்டும் சொல்ல முடிந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் வறண்ட நாவைப் பற்றிய வரியைப் பாடினார். மின்விசிறிக்கு எரிகிற சூளை. டீ சரியில்லாத ஒரு காலையில், சிங்கத்தின் வாயில் என்னை விட்டீரோ என்று முழுக் குரலில் கேட்டார். "சர்க்கரை அரைக் கரண்டி குறைஞ்சதுக்கா சிங்கம் வரைக்கும் போறீங்க?" என்றாள் அவள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. அவள் உள்ளே போய்ச் சந்தோஷத்தில் அழுதாள். இன்னொரு நாள் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கையில், இம்மட்டும் என் பக்கம் நின்றவரே என்று பாடினார். அது கடவுளைப் பார்த்து எழுதிய வரி, ஆனால் அவர் அவளைப் பார்த்துப் பாடினார். அவள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

கமிட்டியில் அவள் பேசவில்லை. சபை செய்கிற தவறில்தான் தன் வீடு பேசுகிறது என்று அவளுக்குத் தெரியும். போதகர் ஒன்று, இரண்டு, நான்கு என்று அறிவிக்கும்போதெல்லாம் இது சரியல்ல என்று மனம் சொன்னது. அதே மனம், நல்லவேளை என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் ஆறு வருடம் ஆல்டோ குரல் பாடினாள். இதற்கிடையில் தபால் அலுவலக எழுத்தர், முத்திரை குத்தும்போது அவள் தைத்துக் கொடுத்த சட்டையின் காலர் சாவைப் பற்றி முனகுகிறது என்று புகார் சொல்லி வந்தார். காலரைப் பிரித்துச் சரி செய்து கொடுத்தாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்து, அது இல்லாமல் வேலை ஓடவில்லை, இருந்ததையே வைத்துத் தைத்துவிடுங்கள் என்றார்.

ஏழாம் வருடம், வாலிபர் குழுவில் டிரம் வாசிக்கிறவனின் குழந்தை பிறந்து பதினோராம் நாள் இறந்துபோனது. அடுத்த ஞாயிறு அவன் மனைவி இரண்டாம் சரணம் வரை வாயசைத்தாள். நான்காவதில் முடியாமல் வெளியே போய்விட்டாள். மறுநாள் தையல்காரியிடம் வந்து, ஞானஸ்நான உடைக்குக் கொடுத்த வெள்ளைத் துணியைத் திருப்பிக் கேட்டாள். உடை ஏற்கெனவே தைத்தாகியிருந்தது. அதன் சின்னக் கைக்குள்ளிருந்து ஒரு சரணம் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாய் அதைக் காதோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைப் புதைத்த நாளில்கூட அழாதவள் அன்று ஒரு மணி நேரம் அழுதாள்.

"இது நம்ம புத்தகத்துல இருக்கிற பாட்டுதானே, அக்கா," என்று கேட்டாள். "இதை ஏன் நாம பாடறதில்ல?"

தையல்காரி உடையை மடித்து அவளிடம் கொடுத்தாள். அவள் போன பிறகு தையல்காரி கணவரைப் பார்த்தாள். "சரணங்களைச் சபைக்குத் திருப்பிக் கொடுத்துட்டா இங்க ஒண்ணும் இருக்காதுங்க. நீங்க மறுபடியும்..." என்று தொடங்கி முடிக்கவில்லை. அவர் எழுந்தார். அலமாரியைத் திறந்து தன் பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு இரண்டாம் சரணம் முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். ஆர்கன் டீச்சர் இத்தனை வருடமும் அந்த இடத்தில் ஒரு மூச்சளவு இடைவெளி விட்டுத்தான் வாசித்து வந்தார். அந்த இடைவெளியில் கடிகாரக்காரர் மூன்றாம் சரணத்தின் முதல் வரியைத் தனியாகப் பாடினார். இரண்டாம் வரியில் தையல்காரி சேர்ந்தாள். சொன்னால் நம்புவார்களோ என்னவோ, அவளுக்கு அப்போது பயமே இல்லை. மூன்றாம் வரியில் டிரம்காரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் பாடினான், அவன் மனைவியும் பாடினாள், பிறகு சபை முழுவதும். போதகர் புத்தகத்தில் இடம் தேடிக் கண்டுபிடித்து ஏழாம் வரியில் வந்து சேர்ந்தார். அப்போது மற்ற சரணங்களும் தையல்காரியின் ஜன்னல் வழியாக வெளியேறி, தெருவைக் கடந்து, ஆலயத்துக்குள் வந்து அவரவர் கையிலிருந்த புத்தகத்தில் போய் அமர்ந்தன. போகும் வழியில் ஒரு சைக்கிள்காரர் அவற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

இப்போது எல்லாச் சரணங்களும் பாடப்படுகின்றன. பிரசங்கம் நாலு நிமிடம் சுருங்கியது. அதைப் பற்றி இதுவரை யாரும் குறை சொல்லவில்லை. காலர் அமைதியாகிவிட்டதால் எழுத்தர் ஞாயிறுதோறும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார். கடிகாரக்காரர் வீட்டில் மறுபடி "ம்" மட்டும் சொல்கிறார். ஆனால் ஆலயத்தில் மூன்றாம் சரணம் வரும்போது அவர் குரல் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கு இருபத்துநான்கு வரி. வாரம் முழுக்க அவளிடம் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்து, அந்தந்த வரி வரும்போது திரும்பிப் பார்க்கிறார். இருபத்துநான்கு வரி தாராளம் என்றுதான் அவள் நினைக்கிறாள், அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறாள். போன ஞாயிறு இரண்டாம் பாட்டில் சிங்கத்தின் வாய் வந்த இடத்தில் பார்த்தார். திங்களன்று அவள் டீயில் சர்க்கரையை அரைக் கரண்டி கூட்டினாள்.